சப்தரிஷி நகரும் குழு: உறுப்பு விண்மீன்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வடவான்:

அனைவருக்கும் வணக்கம். விண்வெளியில் ஒரே திசையில் ஒரே வேகத்தில் செல்லும் விண்மீன்களை அட்டவணைத் தரவுகளிலிருந்து நானே பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். எளிதாக இருக்கும் என்று கருதி சப்தரிஷி நகரும் குழுவிலிருந்து தொடங்கினேன். ஆங்கிரஸ் (அலியோத்) விண்மீனை மையமாகக் கொண்டு சுற்றிலும் 20 பாகைக்குள், ஏறத்தாழ 25 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவில் உள்ளவற்றை எடுத்து, வான்கோளத்தில் அவை ஆண்டுதோறும் இடம்பெயரும் கோண அளவை, அதாவது தனி இயக்கத்தை, ஆங்கிரஸின் தனி இயக்கத்தோடு ஒப்பிட்டேன். கிழக்கு நோக்கிய கூறிலும் வடக்கு நோக்கிய கூறிலும் 10 மில்லி வில்விநாடிக்குள் ஒத்துப்போவன மட்டும் உறுப்பினர்கள் என்பதே நான் வைத்துக்கொண்ட விதி. மங்கலான விண்மீன்களுக்கு, விண்மீன்களின் இடத்தையும் இயக்கத்தையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டைப் பயன்படுத்தினேன். மிகப் பிரகாசமானவை பல அதில் இடம்பெறாததால் அவற்றுக்கு முந்தைய விண்கலமான ஹிப்பார்கோஸின் அட்டவணையை எடுத்துக்கொண்டேன்.

இந்த விதியின்படி புலஹர் (மெராக்) பட்டியலில் வரவில்லை; வசிஷ்டரும் (மிசார்) வரவில்லை. ஆனால் இவ்விரண்டும் இக்குழுவின் உறுதியான உறுப்பினர்கள் என்றே நான் படித்த எல்லா நூல்களும் கூறுகின்றன. மறுபுறம், நான் கேள்விப்பட்டிராத மங்கலான விண்மீன்கள் சில உள்ளே வந்திருக்கின்றன. ஒப்பீட்டு எல்லையைத் தளர்த்தினால் புலஹர் உள்ளே வருவார். ஆனால் அவரோடு நூற்றுக்கணக்கானவையும் வந்துவிடுகின்றன. எந்த இடத்தில் விதியைத் திருத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குவிபுள்ளி:

வணக்கம், வடவான். நீங்கள் எல்லையின் அளவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் மாற வேண்டியது ஒப்பிடப்படும் அளவே. விண்மீன்கள் விண்வெளியில் பகிர்ந்துகொள்வது முப்பரிமாணத் திசைவேகம் ஒன்றைத்தான். தனி இயக்கம் என்பது அந்தத் திசைவேகம் நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக விழும் நிழல். பார்வைக் கோடு மாறும்போது நிழலும் மாறும். வானில் 20 பாகை பரந்து கிடக்கும் ஒரு குழுவில் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே தனி இயக்கம் இருந்தால், அதுதான் அவை ஒன்றாகச் செல்லவில்லை என்பதற்கான சான்று.

உங்கள் எடுத்துக்காட்டையே எண்களில் பார்ப்போம். ஹிப்பார்கோஸ் தரும் தனி இயக்கம், மில்லி வில்விநாடியில், கிழக்குக் கூறு முதலில், வடக்குக் கூறு அடுத்து: புலஹர் 81, 33, ஆங்கிரஸ் 112, −8, வசிஷ்டர் 119, −26. புலஹர் வடகிழக்காகவும் வசிஷ்டர் சற்றே தென்கிழக்காகவும் செல்வதுபோல் தோன்றும். திசைக்கோணமாக மாற்றினால் முன்னவருக்கு 68 பாகை, பின்னவருக்கு 102 பாகை. வேறுபாடு சுமார் 35 பாகை. இதில் பெரும்பகுதி இயக்கத்தால் வந்ததே அல்ல. வானில் 'வடக்கு' என்பது ஒவ்வோர் இடத்திலும் துருவத்தை நோக்கிய திசை. நடுவரை விலக்கம் (வானின் அட்சரேகை) 55 பாகைக்கு அருகில், வல ஏற்றம் (வானின் தீர்க்கரேகை) 35 பாகை நகரும்போது அந்த வடக்குத் திசையே ஏறத்தாழ 29 பாகை திரும்பிவிடுகிறது. எஞ்சிய சில பாகைகளும் கோண வேகத்தின் அளவில் காணும் வேறுபாடும் (புலஹருக்கு 88, வசிஷ்டருக்கு 122) பெரும்பாலும் நிழலின் விளைவு.

ஆகவே செய்ய வேண்டியது தலைகீழான பாதை. குழுவுக்கு ஒரு திசைவேகத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சப்தரிஷிக் குழுவின் மையக்கருவுக்கு, அதாவது நடுவே நெருங்கியிருக்கும் உறுப்பினர்களுக்கு, சூரியனைச் சார்ந்த திசைவேகம் பால்வீதி மையத்தை நோக்கிச் சுமார் +14, சுழற்சித் திசையில் +2, வட பால்வீதித் துருவத்தை நோக்கி −9 கிலோமீட்டர்/விநாடி. ஒரு விண்மீன் இதே திசைவேகத்தில் சென்றால், அது இருக்கும் இடத்திலிருந்து பார்க்கையில் அதன் தனி இயக்கமும் ஆரத் திசைவேகமும் (பார்வைக் கோட்டின் வழியே நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகமும்) எவ்வளவாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, அந்த எதிர்பார்ப்போடு அளவீட்டை ஒப்பிடுங்கள். தனி இயக்கத்தை வில்விநாடியிலும் தொலைவைப் பார்செக்கிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 4.74 ஆல் மீண்டும் பெருக்கினால் குறுக்குத் திசைவேகம் கிலோமீட்டர்/விநாடியில் கிடைக்கும். எல்லையைக் கோண அலகில் வைக்காமல் இந்த அலகில் வையுங்கள். அப்போதுதான் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே அளவுகோலுக்கு உட்படும்.

கிரது (துபே), மரீசி (அல்கைட்) இரண்டையும் இதே கணக்கில் ஓட்டிப் பாருங்கள். அவற்றின் கிழக்குக் கூறுகள் −134, −121. ஏனைய ஐவரும் கிழக்கே போகையில் இவ்விருவரும் மேற்கே போகிறார்கள். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் இவை உறுப்பினர்கள் ஆக முடியாது.

பழைய அட்டவணை:

குவிபுள்ளி அவர்கள் கூறியதோடு சிறிது வரலாற்றையும் சேர்க்க விரும்புகிறேன். விண்மீன்கள் நிலையானவை அல்ல என்று எட்மண்ட் ஹாலி 1718-இல் காட்டியபோது, அவர் கையில் இருந்தவை பண்டைய கிரேக்க அட்டவணையோடு ஒப்பிடக்கூடிய சில பிரகாசமான விண்மீன்கள் மட்டுமே. சப்தரிஷியின் ஐந்து விண்மீன்கள் கூட்டாகச் செல்வதை ரிச்சர்ட் பிராக்டர் 1869-இல் வான்படத்தில் அம்புக்குறிகளாக வரைந்து கண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே வில்லியம் ஹக்கின்ஸ் அதை நிறமாலை கொண்டு சோதிக்க முற்பட்டார். குறுக்கு இயக்கத்தைப் பார்வைக் கோட்டு இயக்கத்தோடு இணைத்துப் பார்க்கும் எண்ணம் அவ்வளவு பழையது.

இம்முறையை முழுமையாக்கியவர் லூயிஸ் பாஸ். ரிஷப மண்டலத்திலுள்ள ஹையடீஸ் கொத்தின் விண்மீன்களுடைய தனி இயக்கக் கோடுகளை நீட்டினால் அவை வானில் ஒரே புள்ளியில் சந்திப்பதை 1908-இல் அவர் வெளியிட்டார். இணையான தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றும் அதே தோற்றம்தான் இது. திருவாதிரைக்குக் கிழக்கே, ஏறத்தாழ அதே நடுவரை விலக்கத்தில், அந்தக் குவிபுள்ளி இருக்கிறது. விண்மீனுக்கும் குவிபுள்ளிக்கும் இடையிலான கோணமும் ஆரத் திசைவேகமும் தெரிந்தால் குறுக்குத் திசைவேகம் தானே கிடைத்துவிடும். அதைத் தனி இயக்கத்தோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். ஆரத் திசைவேகம் 39 கிலோமீட்டர், கோணம் 32 பாகை, தனி இயக்கம் 0.11 வில்விநாடி என்று போட்டுப் பாருங்கள்: 47 பார்செக் வருகிறது. இடமாறு தோற்றத்தை (புவி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தோன்றும் அளவை) தொடாமலேயே பெறப்படும் இந்த விடை கையா நேரடியாக அளந்த தொலைவோடு பொருந்துகிறது. அந்தக் கொத்தின் நடுவே ஒளிரும் ரோகிணி (அல்டெபரான்) அதன் உறுப்பினர் அல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். அது 20 பார்செக்கில் நிற்கிறது. அதன் ஆரத் திசைவேகமும் 54 கிலோமீட்டர்.

சப்தரிஷிக் குழுவுக்குக் குவிபுள்ளி தனுசு மண்டலத்தின் கிழக்குப் பகுதியில் விழுகிறது. மையக்கருவின் விண்மீன்கள் நம்மை நெருங்கி வருகின்றன. அதனால்தான் அவற்றின் ஆரத் திசைவேகம் எதிர்க்குறியுடன் இருக்கிறது.

வடவான்:

இருவருக்கும் மிக்க நன்றி. வடக்குத் திசையே திரும்பிவிடுகிறது என்ற செய்தி எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. குவிபுள்ளி அவர்கள் கூறியபடி எதிர்பார்ப்புத் திசைவேகத்தைக் கணக்கிட்டு, 3 கிலோமீட்டர்/விநாடி எல்லை வைத்தேன். ஐவரும் ஒருசேர உள்ளே வந்துவிட்டார்கள். வசிஷ்டருக்கு அருகில் இருக்கும் அருந்ததியும் வந்துவிட்டது. எனினும் மங்கலான விண்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆரத் திசைவேகம் தரவில் இல்லை. குறுக்குக் கூறுகள் இரண்டும் பொருந்தினால் போதும் என்று கொள்ளலாமா?

எண்ணளவை:

கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை ஓர் எளிய கணக்கால் காட்டுகிறேன்.

சூரியனின் சுற்றுப்புறத்தில் விண்மீன்களின் திசைவேகங்கள் மூன்று அச்சுகளில் ஏறத்தாழ 30, 20, 15 கிலோமீட்டர்/விநாடி பரவலுடன் மணிவடிவப் பரம்பலில் அமைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மைப் பரம்பல் இவ்வளவு வழவழப்பானது அல்ல. ஆனால் மதிப்பீட்டுக்கு இது போதும். பரம்பலின் மையத்தில் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குள் தற்செயலாக ஒரு விண்மீன் விழும் வாய்ப்பு சுமார் 1,250-இல் ஒன்று. 100 பார்செக்குக்குள் கையா பட்டியலிட்டிருப்பவை 3,31,000-க்கும் மேல். ஆகவே எந்தக் குழுவும் இல்லாத வானிலும் ஏறத்தாழ 260 விண்மீன்கள் உங்கள் விதியை நிறைவு செய்யும். இது மூன்று கூறுகளும் தெரிந்திருக்கும் நிலையில். இரண்டு கூறுகள் மட்டும் இருந்தால் வாய்ப்பு 130-இல் ஒன்றாக உயர்ந்து, தற்செயல் பொருத்தங்கள் 2,500 வரை போய்விடும். ஆரத் திசைவேகம் ஒன்றே இவர்களில் பத்தில் ஒன்பது பேரை வெளியேற்றுகிறது.

சப்தரிஷிக் குழுவின் திசைவேகம் பரம்பலின் மையத்திலிருந்து விலகியிருப்பதால் வழவழப்பான கணக்கில் இவ்வெண்கள் பாதியாகக் குறையும். ஆனால் அதே திசைவேகப் பகுதியில் சிரியஸ் ஓடை எனப்படும் அடர்த்தி மிகுந்த திட்டு ஒன்று இருக்கிறது; குறைந்ததை அது மீண்டும் ஏற்றிவிடும்.

இதே கணக்கின் மறுபக்கத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். 10 பார்செக் ஆரமுள்ள கோளத்தில் இருப்பவை சுமார் 330 விண்மீன்கள். அங்கே மூன்று கூறுகளும் தற்செயலாகப் பொருந்துவது 0.26 விண்மீன், அதாவது ஒன்றுகூட எதிர்பார்க்கப்படுவதில்லை. ஆகவே மையக்கருவுக்கு 10 பார்செக்குக்குள் ஒரு விண்மீன் பொருந்தினால் அது பெரும்பாலும் உண்மையான உறுப்பினர். அதே பொருத்தம் 80 பார்செக் தள்ளி இருந்தால் அதற்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. ஒரே 3 கிலோமீட்டர் ஒற்றுமையை இவ்விரு இடங்களிலும் ஒரே எடையில் எண்ணுவது பெரிய தவறு. இளம் குழுக்களுக்காக 2018-இல் வெளியான பான்யன் சிக்மா என்ற கணிப்பு முறை, இடத்தையும் திசைவேகத்தையும் சேர்த்தே எடைபோட்டு, சூழ உள்ள பொது விண்மீன்களின் அடர்த்தியோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு தருவது இதனால்தான். நீங்கள் எழுதும் நிரல் எவ்வளவு எளியதாக இருந்தாலும், தற்செயலாக எத்தனை எதிர்பார்க்கலாம் என்ற எண்ணை அதற்குள் வைக்காமல் பட்டியலை வெளியிடாதீர்கள்.

நிறமாலை நோக்கர்:

எண்ணளவை அவர்களின் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆரத் திசைவேகம் கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்தது என்று நண்பர் வடவான் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது இரட்டை விண்மீன்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் வசிஷ்டரே இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் நிறமாலைக் கோடுகள் இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேர்வது 1889-இல் ஹார்வர்டில் அறிவிக்கப்பட்டது. நிறமாலை வழியாகக் கண்டறியப்பட்ட முதல் இரட்டை அதுதான். சுற்றுக்காலம் 20.5 நாட்கள். ஓர் இரவில் எடுத்த ஆரத் திசைவேகம் அந்தக் கணத்தின் சுற்றுப்பாதை வேகத்தையும் சேர்த்தே தருகிறது. அமைப்பின் நிறைமையத்தின் வேகம் பல அளவீடுகளுக்குப் பின்னரே கிடைக்கும். ஒரே ஓர் அளவீட்டை வைத்து உண்மையான உறுப்பினரை வெளியேற்றிவிடுவது மிக எளிது. தனி இயக்கத்துக்கும் இது பொருந்தும். கையாவில் ரூவே என்ற தரக்குறியீடு 1.4-ஐத் தாண்டினால், அந்த விண்மீனின் இடப்பெயர்ச்சி தனி விண்மீனுக்குரிய எளிய மாதிரியோடு பொருந்தவில்லை என்று பொருள். துணை விண்மீன் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகையவற்றை நீக்காமல் தனியே குறித்து வையுங்கள்.

இரண்டாவது, நிறமாலைக் கோட்டின் நகர்வு முழுவதும் வேகத்தால் வருவதல்ல. விண்மீனின் ஈர்ப்பே ஒளியைச் சிவப்புப் பக்கம் நகர்த்துகிறது. சூரியனுக்கு இது 0.6 கிலோமீட்டர்/விநாடி அளவில் நிற்கும். எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனான வெண்குறு விண்மீனுக்கு 30 கிலோமீட்டருக்கு அருகிலோ அதைத் தாண்டியோ போகும். பட்டியலில் வெண்குறு விண்மீன் வந்தால் அதன் ஆரத் திசைவேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொத்தாய்வு:

இவ்வளவு கைக்கணக்கு தேவைதானா என்பதே என் கேள்வி. ஐந்து பரிமாணத் தரவை, அதாவது இருப்பிடத்தின் மூன்று கூறுகளையும் தனி இயக்கத்தின் இரண்டையும், அடர்த்தி அடிப்படையிலான தொகுப்பு நிரலுக்குக் கொடுத்தால், குழுவின் திசைவேகத்தை முன்கூட்டியே ஊகிக்காமல் அதுவே கூட்டங்களைப் பிரித்துத் தருகிறது. புதிய குழுக்கள் பல இவ்வாறுதான் கண்டறியப்பட்டிருக்கின்றன. முன்முடிவு இல்லாத முறையே சிறந்த முறை என்று நான் நினைக்கிறேன்.

குவிபுள்ளி:

கொத்தாய்வு அவர்களே, தொலைவில் அடர்ந்து கிடக்கும் கொத்துகளுக்கு நீங்கள் சொல்வது சரியாகவே பொருந்தும். கார்த்திகையைப் போன்ற ஒன்று, 136 பார்செக் தள்ளி வானில் சில பாகைகளுக்குள் அடங்கிவிடுவதால், தனி இயக்கத் தளத்தில் தெளிவான திட்டாகத் தனித்து நிற்கும். எந்த நிரலும் அதை எடுத்துவிடும். சப்தரிஷிக் குழு நமக்கு 25 பார்செக்கில் இருக்கிறது. அதன் சிதறிய உறுப்பினர்கள் வான் முழுவதும் பரவியிருக்கக்கூடும். இங்கே தனி இயக்கத்தில் திட்டு எதுவும் உருவாவதில்லை என்பதை இந்த இழையின் முதல் கேள்வியே காட்டிவிட்டது. தனி இயக்கத்தைத் திருத்தாமல் நிரலுக்குக் கொடுத்தால் அது புலஹரை வேறொரு கூட்டத்தில் வைக்கும்.

முன்முடிவு இல்லை என்பதையும் சற்று ஆராய வேண்டும். கோண வேகத்தையும் பார்செக்கையும் எந்த விகிதத்தில் ஒரே தூர அளவாக இணைப்பது, குறைந்தது எத்தனை விண்மீன்கள் சேர்ந்தால் கூட்டம் என்பன எல்லாம் நாம் தேர்ந்து கொடுப்பவை. 2019-இல் கவுன்கெல், கோவி இருவரும் இத்தகைய முறையால் நூற்றுக்கணக்கான பார்செக் நீளமுள்ள சர வடிவ அமைப்புகளை அறிவித்தார்கள். 2022-இல் சுக்கர் தலைமையிலான குழு அவற்றை ஆரத் திசைவேகங்களோடு சேர்த்து மறு ஆய்வு செய்து, அவற்றுள் பெரும்பாலானவற்றின் உள் திசைவேகச் சிதறல், கூறப்பட்ட வயது வரை அந்த வடிவம் நிலைத்திருக்க இயலாத அளவுக்குப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. இதை எவரும் வீட்டில் சோதிக்கலாம்: 1 கிலோமீட்டர்/விநாடி வேறுபாடு பத்து லட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ 1 பார்செக் விலகலைத் தரும். பத்துக் கோடி ஆண்டு வயதுடையது என்று சொல்லப்படும் மெல்லிய சரத்தில் பல கிலோமீட்டர் சிதறல் இருந்தால், அது என்றோ கலைந்திருக்க வேண்டும். நிரல் தரும் கூட்டம் ஆய்வின் தொடக்கம், அது முடிவாகாது.

அதே 2019-இல் இரு குழுக்கள் ஹையடீஸ் கொத்தின் நீண்ட வால்களைத் தனித்தனியே கண்டன. நூறு பார்செக்கையும் தாண்டி நீளும் அந்த வால்களின் பெரும்பாலான விண்மீன்களுக்கு அப்போது ஆரத் திசைவேகம் கிடையாது. கொத்தின் அறியப்பட்ட திசைவேகத்திலிருந்து ஒவ்வோர் இடத்திலும் எதிர்பார்க்கப்படும் குறுக்குத் திசைவேகத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டே அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். லூயிஸ் பாஸின் வடிவியல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

பழைய அட்டவணை:

எண்ணளவை அவர்கள் சிரியஸ் ஓடையைக் குறிப்பிட்டதால் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆலின் எகன் நகரும் குழுக்களைப் பெரிய அளவில் பட்டியலிட்டபோது, ஒரே திசைவேகம் உடையவை ஒரே கொத்தில் பிறந்து சிதறியவை என்பதே அடிப்படைக் கருத்து. ஹிப்பார்கோஸ் 1,18,218 விண்மீன்களின் தரவை 1997-இல் தந்த பின்னர், சூரியனின் அண்டையில் திசைவேகப் பரம்பல் பல திட்டுகளாகப் பிரிந்திருப்பது ஐயமற வெளிப்பட்டது. ஆனால் அத்திட்டுகளில் இருக்கும் விண்மீன்களின் வயதும் வேதிச் சேர்க்கையும் பல தரப்பட்டவை. அத்திட்டுகளில் ஒன்றான ஹெர்குலிஸ் ஓடையில் இளையவையும் மிக முதியவையும் கலந்தே இருக்கின்றன. பால்வீதியின் மையத்தில் நீண்டு கிடக்கும் சட்ட வடிவ விண்மீன் திரளின் சுழற்சியோடு ஏற்படும் ஒத்ததிர்வே அவற்றை ஒரே திசைவேகத்துக்குள் திரட்டுகிறது என்ற விளக்கம் வலுவாக ஏற்கப்பட்டிருக்கிறது. பிறப்பில் தொடர்பே இல்லாத விண்மீன்களையும் பால்வீதியின் ஈர்ப்புப் புலம் ஒன்றாக நடக்கச் செய்துவிடும். ஆகவே மூன்று கூறுகளும் மிகத் துல்லியமாகப் பொருந்தினாலும் 'ஒத்த இயக்கம் உண்டு' என்றே எழுதலாம். 'ஒரே பிறப்பு' என்று எழுத வயதும் வேண்டும்.

சிரியஸின் கதை இதற்குத் தக்க பாடம். இயக்க ஒற்றுமையால் அது நெடுங்காலம் சப்தரிஷிக் குழுவின் உறுப்பினராக எண்ணப்பட்டது. அதன் வெண்குறுத் துணையையும் சேர்த்துக் கணக்கிட்ட வயது 24 கோடி ஆண்டுகளுக்கு அருகில் வருகிறது. குழுவின் வயதோ 40 கோடிக்கு மேல். இன்று அதை உறுப்பினராகக் கொள்வதில்லை.

நிறமாலை நோக்கர்:

வயதைச் சோதிக்கத் தனி ஒருவர் செய்யக்கூடியவை எவை என்று அடுத்து கேள்வி வரும் என்பதால் முன்பே எழுதுகிறேன். லித்தியக் கோடு முதல் வழி. 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள இக்கோடு, கார்த்திகையின் வயதில் (சுமார் 12 கோடி ஆண்டுகள்) கே வகை (சூரியனைவிடச் சற்றுக் குளிர்ந்த) விண்மீன்களில் இன்னும் தெரிகிறது. ஹையடீஸ் வயதில் அவற்றில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சப்தரிஷிக் குழு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே கே வகை வேட்பாளர் ஒன்றில் கார்த்திகை அளவுக்கு வலுவான லித்தியம் இருந்தால் அது இக்குழுவுக்கு மிக இளையது.

தன்சுழற்சிக் காலம் அடுத்தது. இதற்குத் தொலைநோக்கியே வேண்டாம். டெஸ் விண்கலத்தின் ஒளிவளைவுகள், அதாவது நேரத்தோடு பிரகாசம் மாறுவதன் பதிவுகள், பொதுவில் கிடைக்கின்றன. சூரியனை ஒத்த விண்மீன்கள் ஹையடீஸில் எட்டு முதல் பத்து நாட்களில் ஒருமுறை சுழல்கின்றன. சூரியனுக்கு 25 நாட்களுக்கு மேல் ஆகிறது. ஒரு ஜி வகை (சூரியனை ஒத்த) வேட்பாளர் 20 நாட்களில் சுழன்றால் அதன் இயக்கம் எவ்வளவு பொருந்தினாலும் நான் அதை நீக்கிவிடுவேன். டெஸ் ஒரு வான்பகுதியைத் தொடர்ந்து நோக்குவது ஏறத்தாழ 27 நாட்கள் என்பதால் நீண்ட காலங்களை அதில் காண்பது கடினம். இளையவற்றைத் தேடுவோருக்கு அது தடையாகாது. இவற்றினும் குளிர்ந்த எம் வகைக் குறுமீன்களில் சுழற்சி வயதோடு இவ்வளவு ஒழுங்காகச் செல்வதில்லை. அவற்றில் இச்சோதனையை நம்ப வேண்டாம்.

வேதிச் சேர்க்கை ஒப்பீடு துணைச் சான்று. அதிலும் கவனம் வேண்டும். செமியோங் ஓ தலைமையிலான குழு கண்டறிந்த ஒத்த இயக்க இணைகளுள் குரோனோஸ், கிரியோஸ் எனப் பெயரிடப்பட்ட இரண்டு உண்டு. ஒன்றாகப் பிறந்தவை என்றே கருதப்படும் இவ்விரண்டில் குரோனோஸில் மட்டும் இரும்பு, மக்னீசியம் போன்றவை கூடுதலாக உள்ளன. புவியைப் போல் சுமார் 15 மடங்கு நிறையுள்ள பாறைப் பொருளை அது விழுங்கியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வடவான்:

அனைவரின் பதில்களையும் பலமுறை படித்து, பட்டியலைப் புதிதாகத் தொகுத்தேன். மையக்கருவுக்கு 10 பார்செக்குக்குள் இருப்பவற்றைத் தனிப் பிரிவாகவும் வெளியே இருப்பவற்றை வேறு பிரிவாகவும் வைத்திருக்கிறேன். முதல் பிரிவில் ஆரத் திசைவேகம் உடையவை எல்லாம் ஏற்கெனவே அறியப்பட்ட உறுப்பினர்களே, புதியவை இல்லை. வெளிப் பிரிவில் மூன்று கூறுகளும் பொருந்துவனவற்றின் எண்ணிக்கை, எண்ணளவை அவர்களின் முறைப்படி நான் கணக்கிட்ட தற்செயல் எண்ணிக்கையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. அவற்றில் ஒரு கே வகை விண்மீனுக்கு டெஸ் ஒளிவளைவில் குறுகிய சுழற்சிக் காலம் தெரிகிறது. ஆனால் அதன் ரூவே 1.4-ஐ விட அதிகம். இந்த ஒன்றை எப்படிக் கையாள்வது? பீட்டா பிக்டோரிஸ் என்ற இளம் நகரும் குழுவுக்குச் செய்வதுபோல் அதன் பாதையைக் காலத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டு, குழுவின் பிறப்பிடத்தில் சேர்கிறதா என்று பார்க்கலாமா?

குவிபுள்ளி:

பின்னோக்கிய கணக்கு இங்கே உதவாது. பீட்டா பிக்டோரிஸ் குழுவின் வயது இரண்டு கோடி ஆண்டுகளுக்கு அருகில். 1 கிலோமீட்டர்/விநாடி பிழை அங்கேயே 20 பார்செக் ஆகிவிடும். சப்தரிஷிக் குழுவுக்கு நாற்பது கோடி ஆண்டுகள் பின்னே போக வேண்டும். அதற்குள் விண்மீன்கள் பால்வீதியை ஒருமுறைக்கு மேல் சுற்றிவந்திருக்கும். வழியில் சந்தித்த வாயு முகில்களின் ஈர்ப்பை நம்மால் கணக்கில் கொள்ளவே முடியாது.

அந்தக் கே வகை விண்மீனை நீக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். நெருங்கிய துணை இருந்தால் அந்தத் துணையின் ஈர்ப்பே சுழற்சியை விரைவாக வைத்திருக்கக்கூடும். அப்போது குறுகிய காலம் இளமைக்குச் சான்றாகாது. வெவ்வேறு மாதங்களில் எடுக்கப்பட்ட ஆரத் திசைவேகங்கள் பொது ஆவணங்களில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். வேகம் மாறினால் நிறைமைய வேகம் கிடைக்கும் வரை காத்திருங்கள். மாறாவிட்டால் லித்தியக் கோட்டைப் பாருங்கள்.

எண்ணளவை:

வெளிப் பிரிவின் எண்ணிக்கை தற்செயலோடு ஒத்துப்போகிறது என்ற முடிவை அவசியம் பட்டியலோடு சேர்த்து இங்கே பதியுங்கள், வடவான். பயன்படுத்திய எல்லை, எடுத்துக்கொண்ட திசைவேகம், ஆரத் திசைவேகம் இல்லாதவற்றின் பெயர்கள் ஆகிய மூன்றும் உடன் இருக்கட்டும். கையா 2025 ஜனவரியில் நோக்குதலை நிறுத்திவிட்டாலும் அதன் முழுத் தரவும் இன்னும் வெளிவரவில்லை. அடுத்த வெளியீட்டில் ஆரத் திசைவேகங்கள் கூடும்போது இதே நிரலை இதே எல்லைகளோடு மீண்டும் ஓட்டி, யார் உள்ளே நிற்கிறார்கள் என்று ஒப்பிடலாம்.